ஆண்டான் இல்லாத தொண்டர்கள்: கடல் கடந்த மருத்துவ சேவை பற்றிச் சில குறிப்புகள்

‘தன்னார்வலர்’ என்கிற சொல்லுக்குத் தமிழில் வயது அதிகமில்லை. அதற்கு முன்பு நம்மிடம் புழங்கியவை தொண்டர், அடியார், ஊழியர் என்பன. இந்தப் பழைய சொற்கள் ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். தொண்டர் என்றதும் யாருக்குத் தொண்டர் என்ற கேள்வி வந்துவிடும். அடியார் என்றால் யாருடைய அடியார், ஊழியர் என்றால் யாரிடம் ஊழியம். ‘தன்னார்வல’ருக்கு அந்தக் கேள்வி கிடையாது. ஆர்வமும் அவருடையது, ஆர்வத்தின் எல்லையும் அவருடையது. வருவது அவர் முடிவு, கிளம்புவதும் அவர் முடிவு. பெற்றுக்கொள்கிற எதிராளிக்கு அந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு வேறு வேலையில்லை, சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தூரில் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, மாப்பிள்ளை எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் விடுவதாயில்லை; மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே ஊர் அவை கூடி, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. பின்னால் திருத்தொண்டத்தொகை பாடப்போகிறவர் இப்படி ஒரு வழக்கில் தோற்றுத்தான் தொண்டராகிறார். சைவ அன்பர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஆளோலை என்பது வெறும் பக்திக் கற்பனை அல்ல. மனிதர்களைக் கோயிலுக்கும் மடத்துக்கும் விற்ற ஆவணங்கள் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கிடக்கின்றன. அந்த அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. கதையிலிருந்து எனக்கு வேண்டியது இரண்டே விஷயம்: ஒரு ஓலை, அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு ஊர் அவை. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு கிராமத்துச் சுகாதார அமைப்புக்கு ‘சேவை’ செய்ய வந்திறங்குகிறவர் கையில் அப்படி ஏதாவது ஓலை உண்டா? அவரை நிறுத்திக் கேள்வி கேட்க அவை ஏதாவது உண்டா?

*

நடைமுறையை முதலில் பார்த்துவிடலாம். மருத்துவம் படிக்கிறவர்கள் கடைசி ஆண்டுகளில் சில வாரங்களை வேறொரு நாட்டில் கழிப்பது பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நெடுநாளைய வழக்கம். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போவதற்குள் ஒரு வருஷம் ஊர் சுற்றி வருகிற பிள்ளைகள் இன்னொரு வகை. மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும்போது காட்டுவதற்காக ‘அனுபவம்’ சேகரிக்க வருகிறவர்கள் வேறு வகை. இவர்களை அனுப்பிவைப்பதே தொழிலாகக் கம்பெனிகள் இருக்கின்றன. சேவை செய்ய வருகிறவர் அந்தக் கம்பெனிக்குக் கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு இங்குள்ள அமைப்புக்கு வருகிறது. ஆக, வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார் என்று பார்த்தால் விற்பனைப் பொருளாக இருப்பது நோயாளியின் அருகாமைதான். தன் ஊரில் ஊசியைத் தொட அனுமதியில்லாத இருபது வயதுப் பையன் இங்கே காயத்துக்குத் தையல் போட்டுவிட்டுப் போகிறான் என்கிற புகார் மருத்துவ அறவியல் பேசுகிறவர்களிடையே பல காலமாக இருந்து வருகிறது.

வந்தவரைப் பராமரிக்கிற செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிந்தாக வேண்டும். அவருக்கு மொழி தெரியாது. எனவே மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேறு யாராகவும் இருக்க முடியாது, அன்றைக்குக் கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கப் போயிருக்க வேண்டிய நர்ஸம்மாதான். காய்ச்சின தண்ணி, தனிக் கழிப்பறை, காரமில்லாத சாப்பாடு. இரண்டு வாரம் கழித்து அவர் வேலையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளும்போது விமானத்துக்கு நேரமாகிவிடும், அடுத்தவர் வந்துவிடுவார், மறுபடியும் முதலிலிருந்து.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? இங்குதான் சிக்கல். ஆள் வரும் வழியில்தான் பணமும் வருகிறது. ஊருக்குத் திரும்பிய பெண் தன் தேவாலயத்திலோ கல்லூரியிலோ நிதி திரட்டி அனுப்புவாள். அவளை மனம் நோக அனுப்பிவிட்டால் அது நின்றுபோகும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபோது, ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவது தடை செய்யப்பட்டது; நிர்வாகச் செலவின் உச்சவரம்பு ஐம்பது சதவிகிதத்திலிருந்து இருபதாகக் குறைந்தது. பெரிய அமைப்புகளின் நிழலில் பிழைத்த சிறிய சுகாதாரக் குழுக்களுக்கு இது பெரிய அடி. பணம் அருகிவிட்ட இடத்தில் விருந்தாளியை மறுக்கும் தைரியம் எங்கிருந்து வரும்? ‘சேவை’யைப் பெறுகிறவர்கள் நன்றியுள்ளவர்களாக இருந்தே தீர வேண்டும் என்கிற நிர்ப்பந்தம் இப்படித்தான் உருவாகிறது. அதிகாரம் இங்கே அதட்டிப் பேசுவதில்லை, புன்னகையோடு ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு வருகிறது.

இதை மிகக் கடுமையாகச் சொன்னவர் இவான் இல்லிச். 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகாவில், கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டு வந்திருந்த அமெரிக்க மாணவர்களை வைத்துக்கொண்டே அவர் பேசினார். நல்லெண்ணம் என்பதையே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஊர் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கவனிக்கத்தக்க விஷயம், அவர் ஒரு பாதிரியார். மிஷனரிகளுக்குப் பயிற்சி தருகிற இடத்தை நடத்திக்கொண்டிருந்தவர். உள்ளே இருந்துகொண்டுதான் அப்படிப் பேசினார்.

இல்லிச்சை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வெளியாள் வரவே கூடாது என்கிற முடிவு கேட்பதற்குப் புரட்சிகரமாக இருக்கும். ஆனால் அது ஒவ்வொரு ஊரையும் அதனதன் ஆதிக்கசாதிகளிடமும் பண்ணையாரிடமும் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுகிற காரியமாகவும் முடியலாம். உள்ளூர்க்காரர் என்பதாலேயே ஒருவர் மக்களின் ஆள் ஆகிவிடுவதில்லை. நம் கிராமத்து ஆஸ்பத்திரியில் சேரிக்காரரின் நாடியைத் தொட்டுப் பார்க்காமலே மாத்திரை எழுதித் தந்தவர்கள் வெளிநாட்டவர் அல்ல, சுத்தமான தமிழர்கள்.

*

நான் இருக்கிற சிட்லபாக்கத்துக்கு மின்சார ரயிலில் வர வேண்டுமென்றால் பலர் இறங்குகிற நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ‘சானடோரியம் எறங்கணும்’ என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சொல்கிறார்கள். அது ஒரு வைத்திய முறையின் பெயர் என்பது மறந்து ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் டேவிட் சவுரிமுத்து. கடல் கடந்த மருத்துவம் என்றாலே வெள்ளைக்காரர் இங்கு வருவது என்று நினைக்கிறவர்கள் அவர் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். அவர் இங்கிலாந்துக்குப் போய், மெண்டிப் மலைப்பகுதியில் வெல்ஸ் ஊருக்குப் பக்கத்தில் காசநோய் சானடோரியம் ஒன்றை நடத்தியவர். வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஒரு இந்திய டாக்டர், அதுவும் சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலத்தில். 1917இல் கணிதமேதை ராமானுஜனும் அங்கே சிகிச்சைக்குப் போனார். திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, கட்டாய ஓய்வு என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படை. கும்பகோணத்து உடம்பு அந்தக் குளிரைத் தாங்கவில்லை. மருத்துவர் நம்ம ஊர்க்காரராக இருந்தும் வைத்தியம் அல்பைன் மலையினுடையதாக இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். ஆக, வெளியாளா உள்ளாளா என்பதைவிட, அவர் கொண்டுவருகிற அறிவு எந்த உடம்பை மனதில் வைத்து உண்டானது என்பதே முக்கியமாகிறது.

சவுரிமுத்து திரும்பி வந்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஆனால் சானடோரியம் என்கிற கருத்தின் கழுத்திலேயே கைவைத்த ஆராய்ச்சியும் இதே சென்னையில்தான் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நாலு பேரும் சேர்ந்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர் வந்து 1961 வரை இருந்தார். கேள்வி நம்முடையது: நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? 193 நோயாளிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீடு என்றால் நெரிசலான ஒண்டுக்குடித்தனம், குடிசை, சாப்பாடும் போதாது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகமாகிவிடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்குண்டு.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கு வந்த வெளிநாட்டார் இரக்கத்தோடு வரவில்லை, ஒரு கேள்வியோடு வந்தார்கள். கேள்வி இங்கிருந்து போனது. பதிலும் இங்கேயே தங்கியது. 1964இல் மையம் முழுக்க இந்திய நிறுவனமானது. 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அதற்காக எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று கருத வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணுவது, சிறுநீரைப் பரிசோதிப்பது எல்லாம் இந்த மையத்தின் வேலைகள்தான். ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருந்த கண்காணிப்பு சுவரைத் தாண்டி ஒண்டுக்குடித்தனத்துக்குள் நுழைந்தது என்று மிஷல் ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் யார் போய் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சந்து சந்தாக நடந்து போன சுகாதாரப் பார்வையாளர்கள் தமிழ்ப் பெண்களும் ஆண்களும். ஆராய்ச்சி வரலாற்றில் ஃபாக்ஸுக்கு இருக்கிற இடம் அவர்களுக்கு இல்லை. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் பக்கத்துக் கர்நாடகத்தில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் இன்னொரு விசாரணை நடத்தினார்கள், 1963இல் வெளியானது. ஒருவர் இந்தியர், ஒருவர் வெளிநாட்டவர். ஜனங்களுக்கு அறியாமை, நோயைப் பற்றி விழிப்புணர்வே இல்லை என்கிற பல்லவியைத்தான் டாக்டர்கள் அதுவரை பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போய்க் கேட்டபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் என்னமோ கோளாறு என்பதை உணர்ந்தே இருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் வைத்தியம் தேடி ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தார்கள். அங்கே ஒரு பாட்டில் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அறியாமை யாருடையது என்று அந்த ஆய்வு மரியாதையாகக் கேட்டுவிட்டது. விழிப்புணர்வு நாடகம் போடப் புறப்படுகிற நம் தோழர்களும் அதை ஒருமுறை யோசிக்கலாம்.

*

மொழியை விட்டுவிட்டு உடம்பைப் பேச முடியாது. காசநோய், சயரோகம், எலும்புருக்கி, டி.பி. என்று நாலு பெயர் இருந்தால் நாலுக்கும் நாலு பயம். பெண் பார்க்கிற இடத்தில் ஒன்றையும் உச்சரிக்க முடியாது. ‘சூடு புடிச்சிருக்கு’, ‘நெஞ்செல்லாம் அடைக்குது’, ‘கைகால் அசந்து வருது’, ‘மனசே சரியில்லே’ என்பவற்றை எந்த அகராதி கொண்டு மொழிபெயர்ப்பது? 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்கு, வடக்குக் கரைகளுக்கும் நாகப்பட்டினத்துக்கும் மனவடு ஆலோசகர்கள் வந்து குவிந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், ஈழத்தமிழர் தங்கள் வேதனையைப் பெருமூச்சாகவும் ‘யோசனை’யாகவும் சொல்வதை எழுதியிருக்கிறார். ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று ஒரு தாய் சொல்வதைச் சிந்தனை என்று மொழிபெயர்த்துக்கொண்ட ஆலோசகர் எந்த நோயைக் கண்டுபிடிப்பார்? ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். வேலூரிலேயே தன் ஆயுளைக் கழித்தார். மிஷன் அரசியல் பற்றி நமக்கு எத்தனை விமர்சனம் இருந்தாலும், மொழி கற்று வாழ்நாளைக் கொடுத்தவரையும் மூன்று வாரச் சேவையாளரையும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமில்லை.

எய்ட்ஸ் வந்த காலத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். 1986இல் சுனிதி சாலமனும் அவருடன் இருந்தவர்களும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகள் தொடவே அஞ்சிய நோயாளிகளை 1993 முதல் தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டு நிபுணர்கள், நிதி, கருத்தரங்கு எல்லாம் சென்னைக்கு வந்தன. ஆனால் பேச்சின் திசையை மாற்றியது வேறு ஒன்று. 1997இல் நோயோடு வாழ்கிறவர்களே சென்னையில் அகில இந்திய அளவில் ஒரு அமைப்பைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் தனியாக ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு நிபுணர் பேசி முடித்ததும் மேடையில் நோயாளி எழுந்து நின்று, ‘அதெல்லாம் சரி, மருந்து எப்போ?’ என்று கேட்க முடிந்தது. வெண்ணெய்நல்லூர் அவை இப்படித்தான் கூடும்.

*

நீலகிரியில் கூடலூர். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வாழும் பகுதி. அங்கே நடந்ததன் வரிசைமுறை முக்கியம். 1986இல் ஸ்டான் தெக்கேக்கராவும் மாரி தெக்கேக்கராவும் மற்றவர்களும் ‘அக்கார்ட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் வேலை மருத்துவம் அல்ல, நிலம். பறிபோன நிலத்துக்காக ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் கூடலூர் வீதிகளில் ஆதிவாசிகளின் மாபெரும் ஊர்வலம் நடந்தது. ரூபா, நாராயணன் தேவதாசன் என்ற இரு மருத்துவர்கள் 1987இல் வந்து கிராமச் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி 1990இல்தான் வருகிறது. அதாவது, சங்கம் முன்னே, ஸ்டெதஸ்கோப் பின்னே. ஷைலா, நந்தகுமார் மேனன் ஆகிய மருத்துவர்கள் சேர்ந்தார்கள். ஆதிவாசிப் பெண்களே நர்சுகளாகப் பயிற்சி பெற்றார்கள். படுக்கையில் கிடக்கிற பணியர் மூதாட்டி தன் மொழியிலேயே வலியைச் சொல்ல முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வந்துபோவதில் ஆபத்து குறைவு. ஏனென்றால் வருகிறவர் ஏற்கெனவே ஒரு சங்கத்தின் வாசலில் நிற்கிறார். அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்க ஆள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. 1994இல் ஸ்டானும் மாரியும் பிரிட்டனுக்கு அழைக்கப்பட்டார்கள், அங்குள்ள ஏழைகளைப் போய்ப் பார்த்துக் கருத்துச் சொல்ல. கிளாஸ்கோ நகரத்தின் ஈஸ்டர்ஹவுஸ் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு டிவி, ஃபிரிட்ஜ் இருப்பதைப் பார்த்து, இதிலென்ன வறுமை என்றுதான் அவர்களுக்கு முதலில் தோன்றியது. பிறகு, வருஷக்கணக்காக வேலை என்பதே இல்லாமல் சுருங்கிப்போன ஆண்களைப் பார்த்தார்கள். கூடலூரில் பழகிய கண் இங்கிலீஷ்காரன் பார்க்கத் தவறியதைப் பார்த்தது. தொண்டு எப்போதும் வடக்கிலிருந்து தெற்குக்கே பாயும் என்கிற பூகோளம் ஒருநாளைக்காவது தலைகீழானது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 முதல் ராஜ் ஆரோளேயும் மேபெல் ஆரோளேயும் உருவாக்கிய அமைப்பிலும் இதன் சாயல் உண்டு. பள்ளிக்கூடம் போகாத, பலர் தலித்துகளான, கிராமப் பெண்கள் அங்கே சுகாதாரப் பணியாளர்கள். வெளிநாட்டு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வருகிறார்கள். அவர்களில் ஒருவரான முக்தாபாய் போல் 1988இல் வாஷிங்டன் போய் நிபுணர்கள் சபையில் பேசினார்.

மெக்சிகோவின் அஹோயா கிராமத்தில் டேவிட் வெர்னர் வைத்த விதியும் ஏறக்குறைய இதுதான். டாக்டர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கிராமத்தாருக்காக அவர் எழுதிய புத்தகம் முதலில் ஸ்பானிஷிலும் 1977இல் ஆங்கிலத்திலும் வந்து உலகமெங்கும் போனது. அவர் டாக்டர் அல்ல, உயிரியல் ஆசிரியர். வெளியிலிருந்து வரும் டாக்டர்கள் கொஞ்ச நாள் இருக்கலாம், ஆனால் நோயாளியைத் தாங்களே பார்க்கக் கூடாது, கிராமப் பணியாளருக்குக் கற்றுத்தர வேண்டும் என்றார்கள் அங்கே. டாக்டர் ஊசியை எடுத்த மறுகணமே, பக்கத்து வீட்டுப் பெண் மீது ஊர் வைத்த நம்பிக்கை போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எளிய விதி. கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்; வந்தவருக்கு நோயாளியைத் தொட்டால்தானே சேவை செய்த திருப்தி.

ஆகவே போக விரும்புகிற நண்பர்கள், நம்மூர்ப் பிள்ளைகளும் இப்போது புலம்பெயர்ந்த வீடுகளிலிருந்து வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் இப்படிப் புறப்படுகிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டியது உலகைக் காப்பாற்றுவது பற்றியல்ல. என்னைக் கூப்பிட்டது யார்? அமைப்பின் தலைவரா, நிதி தருகிறவரா, அங்கே நடக்கிற பணியாளர்களா? என்னைத் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களில் யாருக்கு இருக்கிறது? நான் போன பிறகு என் வேலையைச் செய்யப்போகிற ஆள் இப்போதே என் பக்கத்தில் இருக்கிறாரா? ஆய்வுக்கூடக் கருவி பழுதுபார்ப்பது, கணக்குப் புத்தகத்தை ஒழுங்கு செய்வது, நர்சுகளுக்கு ஒரு புதிய பரிசோதனை முறையைக் கற்றுத்தருவது மாதிரி, புகைப்படத்தில் விழாத வேலைகளுக்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. அதற்கு வருகிறவர்கள்தான் குறைவு. ஒரு வேடிக்கை: இந்தியாவில் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் நெடுநாள் பணிசெய்ய வரும் வெளிநாட்டாருக்கு நம் அரசாங்கம் தருவது வேலைவாய்ப்பு விசாதான். விசாவில் நிறுவனத்தின் பெயரும் குறிக்கப்படும். ‘தன்’னை நீக்கிவிட்டு, யாரிடம் ஊழியம் என்கிற பழைய கேள்வியைக் குடியேற்றத் துறை மட்டும் கேட்கிறது.

*

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரிக்கு வருகிறேன்.

1951இலிருந்து பத்தாண்டுகள் இந்தியக் காசநோய்த் திட்டத்தில் வேலை செய்த டென்மார்க்காரர் ஹாஃப்டன் மாஹ்லர். அவர் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்தபோதுதான் 1978இல் அல்மா அட்டா பிரகடனம் வந்தது: எல்லோருக்கும் நலவாழ்வு, மக்களின் பங்கேற்போடு, மக்களிடமிருந்தே வரும் பணியாளர்களைக் கொண்டு. அரசாங்கங்கள் அதில் ‘பணியாளர்’ என்பதை வசதியாகத் ‘தன்னார்வலர்’ என்று படித்துக்கொண்டன. 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பெண்கள் பத்து லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள்; சட்டப்படி கௌரவத் தன்னார்வலர்கள், எனவே சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலகச் சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்தது. விருதுக்கும் ஊதிய விகிதத்துக்கும் சம்பந்தமில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துப் போகிற பெண்கள். சேத்துப்பட்டு மையத்திலிருந்து சந்து சந்தாக நடந்து போனவர்களின் வாரிசுகள் என்று சொல்லலாம். பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். தெருவிலுள்ள கிழவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருமகள் மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தருவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஓலையும் அவையும் அவர்களுக்கு உண்டு. ஒரு நாள் வராவிட்டால் ‘ஏம்மா நேத்து வரலே’ என்று தெருவே கேட்கும். கேட்கப்படுகிற கடமை முழுக்க இருக்கிறது. ஊழியருக்கு உரிய ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் என்று வரும்போது மட்டும் பதவியின் பெயர் நடுவில் வந்து நிற்கிறது: பெண் சுகாதாரத் தன்னார்வலர். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுச் சான்றிதழோடு போகிறவருக்கும் இதே பெயர்தான்.

2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அரசு வெளியிட்ட படங்களில் விருது இருந்தது, அமைச்சர் இருந்தார், அதிகாரிகள் இருந்தார்கள். அப்போதும் அந்தப் பெண்கள் ஊக்கத்தொகைப் பட்டியலில்தான் இருந்தார்கள்.